சனிக்கோள் அரசன் சாகும் காட்சி

அந்தக் கைப்பேசியின் ஒலியைச் சற்றுக் குறைத்துக்கொள்ள முடியுமா, ஐயா? தவறாக எண்ணாதீர்கள். இவளுக்காகச் சொல்லவில்லை. இவள் என் மனைவி, ஆவுடை. செங்கோட்டையில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் இரண்டு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் உறங்கிவிட்டாள். மதுரை வரை விழிக்கமாட்டாள். என் காதுக்காகத்தான் கேட்கிறேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது 'ககன மார்த்தாண்டன்'. திரையைப் பார்க்காமலே சொல்வேன். விண்கலம் புறப்படும்போது கெட்டிமேளம் கொட்டுகிற படம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

இல்லை, நீங்கள் பார்ப்பது படம்கூட அல்ல. படத்தைப் பார்த்து எவனோ கேலி பேசுகிற காணொளி. அதனால்தான் தவறான இடத்தில் சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அவன் சொன்னதை நம்பிச் சிரித்தீர்கள். விண்கலத்துக்குள் சுவரில் 'கை கழுவுமிடம்' என்று அம்புக்குறி போட்ட பலகை தெரிகிறதல்லவா? அதைப் பார்த்ததும் கொட்டகையில் எல்லாரும் "பிரியாணி ரெடி" என்று கத்துவார்கள் என்கிறான். முழுப் பொய். இவன் எந்தக் கொட்டகையிலும் கால் வைத்தவன் அல்லன். அது தென்காசியில் உள்ள சைவக் கல்யாண மண்டபம். அங்கே பிரியாணி வேகாது. தென்காசி வடிவம், "கை கழுவிட்டு வாங்கவே, பந்தி போட்டாச்சு!" கோவில்பட்டியில், "முதப் பந்தியிலயே உக்காருங்கடே, ரசம் தீந்துரும்!" நாகர்கோவிலில், "பாயசம் உண்டா மக்கா?" மூன்றையும் நேரில் கேட்டுப் பதிவு செய்தவன் நான். பிரியாணி என்பது பிற்காலத்து இடைச்செருகல். ஒருவன் உளறுவான், அதைக் கேட்டு நூறு பேர் உளறுவார்கள். பிறகு உளறலே பாடமாகிவிடும்.

படம் மட்டமானது. அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் மட்டமான படத்தைக் கேலி செய்வதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா?

வாய்மொழிக் கதைப்பாடல்களைத் தொகுப்பது என் தொழிலாக இருந்தது. ஒரே கதையை வள்ளியூரில் ஒருவர் பாடுவார், கயத்தாற்றில் ஒருவர் பாடுவார். எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். மாறுவது பாடுகிறவரின் கைச்சரக்கு. எல்லா ஊரிலும் மாறாமல் நிற்பது எதுவோ, அதுதான் மூலம். இந்த ஒன்றைக் கல்லூரியில் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றேன். மாணவர்கள் மிக அமைதியாகக் கேட்பார்கள்.

இப்போது மதுரைக்குப் போவதும் இந்தப் படத்தின் பொருட்டுத்தான். இதை எடுத்தவன் ஆவுடையின் தம்பி, குற்றாலிங்கம். ஆமாம், என் மைத்துனன்தான். அதற்காக நீங்கள் நெளிய வேண்டியதில்லை. நான் நெளிந்து முடித்துவிட்டேன். கைப்பேசியில் படம் காட்டும் நிறுவனம் ஒன்று இதை வாங்கிக்கொள்கிறது. நீளத்தைக் குறைத்துத் தரச் சொல்லியிருக்கிறது. மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து லிங்கம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். போன வாரம் என்னிடம் பேசினான்.

"அத்தான், ராஜா சீன மட்டும் தூக்கிரலாம்னு நெனைக்கேன். உங்களுக்காகத்தான் சொல்லுதேன்."

எனக்காகவாம்!

"ஆனா அது உங்க சீன். நீங்க வைன்னா வைக்கேன், வெட்டுன்னா வெட்டுதேன். இன்னைக்குச் சாயங்காலத்தோட படத்தக் கொடுத்தாகணும்" என்று காலையில் மறுபடியும் பேசினான். முடிவைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் காரணங்களை விளக்கத் தொடங்கினால் அவன் பக்கத்தில் எப்போதும் சிக்னல் போய்விடுகிறது. ஆகவே நேரில் போகிறேன். வெட்டி எறி என்று சொல்லப் போகிறேன். அந்தக் கூட்டத்துக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும் தகுதி கிடையாது.

கடையநல்லூரா இது? நேரம் இருக்கிறது. முறையாகச் சொல்கிறேன்.

லிங்கத்துக்குத் தொழில் கல்யாண வீடியோ. ஆடி மாதம் முழுக்க அவனுக்கு வேலை இருக்காது, மண்டபத்துக்கும் கல்யாணம் இருக்காது. சும்மா கிடக்கிற கேமராவையும் சும்மா கிடக்கிற மண்டபத்தையும் சேர்த்து ஒரு விண்வெளிப் படம் எடுத்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. மண்டபக்காரர் அவன் படம்பிடித்த மாப்பிள்ளைகளில் ஒருவர், சாவியைக் கொடுத்துவிட்டார். சாப்பாட்டுக் கூடம் விண்கலம் ஆயிற்று. பலகையைக் கழற்ற வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஏன் தெரியுமா? அவர்கள் அத்தனை பேரும் ஆயுள் முழுவதும் மண்டபங்களிலேயே கிடந்தவர்கள். அந்தப் பலகை அவர்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

சனிக்கோளுக்காக ஊருக்கு வெளியே உள்ள கல்குவாரிக்குப் போனார்கள். ஆடி மாதத்தில், தென்காசியில், குவாரி மேட்டில்! குற்றாலத்துக் காற்று ஆளைத் தள்ளும். கதாநாயகன் பேச்சிமுத்து, லிங்கத்திடம் விளக்குப் பிடிக்கிறவன், மிட்டாய் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "இந்தக் கோளில் காற்றே கிடையாது தளபதி" என்கிறான். அவன் வேட்டி கொடி போலப் பறக்கிறது. இடையில் சாரல் வேறு. "ஏன்டா, மழை பெய்கிறதே" என்று கேட்டேன். "கிராபிக்ஸ்ல அழிச்சிரலாம் அத்தான்" என்றான். கிராபிக்ஸ் என்று அவனுக்குத் தெரிந்தது கல்யாண மிக்ஸிங் மட்டுமே. கோள் வெடிக்கிறது, திரை இதய வடிவத்தில் சுருங்குகிறது. வீரன் சாகிறான், ரோஜா இதழ் விரிந்து அடுத்த காட்சி வருகிறது. வெடிக்கும் கோளின் மீது பேரொளியோடு 'நல்வரவு' என்று எழுத்து தோன்றி மறைகிறது. அது முந்தைய கல்யாணத்தின் மிச்சம், அழிக்க மறந்துவிட்டார்கள்.

இவ்வளவு குப்பைக்கு நடுவில் ஒரே ஒரு காட்சி உண்டு. சனிக்கோளின் கடைசி அரசன் அகண்டபூபதி தன் குலம் அழிவதைச் சொல்லி உயிர்விடும் காட்சி. அந்த உரையை எழுதியவன் நான். அகவல் ஓசையில் எழுதினேன். ஓர் இனம் அழியும்போது அதன் கடைசி மனிதன் என்ன செய்வான்? தன் வம்சாவளியைச் சொல்வான். வாய்மொழி மரபு எதை எடுத்துப் பார்த்தாலும் இதற்குச் சான்று உண்டு. ஆகவே அகண்டபூபதி தன் முன்னோரைப் பெயர் பெயராக, மனைவியர், மக்கள், வென்ற கோள்கள், தோற்ற போர்களோடு சொல்கிறான். அதைப் பிழையின்றிச் சொல்ல அந்த வட்டாரத்தில் ஆள் கிடைக்கவில்லை. நானே அரசனாகவும் நடித்தேன். குவாரியில் கொண்டுபோய்ப் போட்ட மணமேடை நாற்காலிதான் சிங்காதனம். ஒட்டுத்தாடி காற்றில் பறந்து வாய்க்குள் போனது. அதையும் மீறிச் சொன்னேன். நான் சொல்லி முடித்தபோது லிங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அத்தான், மூணு கேசட்டு தீந்துட்டு" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. அப்புறம் என்னைக் கேட்காமலே முதல் ஏழு தலைமுறையை வெட்டிவிட்டான். எஞ்சியது பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

படம் வந்தது, வந்த சுவடு தெரியாமல் போனது. அதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. பல வருடம் கழித்து எவனோ இணையத்தில் ஏற்றிவிட்டான். உலகத்திலேயே மோசமான படம் என்று ஊர் ஊராகப் புகழ் பரவிற்று. கூட்டம் இல்லாமல் ஈயோட்டிக்கொண்டிருந்த கொட்டகைகளைப் பையன்கள் வாடகைக்குப் பிடித்து, காலைக் காட்சியாக இதைப் போட ஆரம்பித்தார்கள். படம் பார்க்கவா வருகிறார்கள்? கத்த வருகிறார்கள். வாழையிலை கொண்டு வருகிறார்கள். இதயம் சுருங்குகிற இடத்தில் திரையை நோக்கி அட்சதை வீசுகிறார்கள். "காற்றே கிடையாது" என்றதும் துண்டைச் சுழற்றி ஒருவர் முகத்தில் ஒருவர் விசிறுகிறார்கள். படித்தவர்கள், ஐயா! பொறியியல் படித்தவர்கள்! நாகர்கோவிலில் ஒரு பல் மருத்துவர் மிட்டாய் பாட்டிலைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து, கழற்ற முடியாமல் திண்டாடினார். ஒரு படைப்பைப் பார்த்துச் சிரிப்பதற்கு அறிவு வேண்டும். கூட்டம் கூடிச் சிரிப்பதற்கு டிக்கெட் போதும்.

நான் ஏன் போனேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? ஆய்வுக்காக. எழுதி வைக்காத ஒரு பாடத்தை ஊருக்கு ஊர் வேறு வேறாகச் சொல்கிறார்கள் என்றால், சொல்கிறவர்கள் மூடர்களாக இருந்தாலும் அது என் துறை. தென்காசி, கோவில்பட்டி, நாகர்கோவில், மூன்று ஊருக்கும் பலமுறை போனேன். எங்கே போனாலும் முதல் வரிசையில், கூட்டத்துக்கு முதுகு காட்டியே உட்காருவேன். அது என் முறை. சொல்கிறவரை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் கூச்சப்பட்டுப் பாடத்தை மாற்றிவிடுவார். ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் தோளில் பின்னோக்கி வைத்துக்கொள்வேன். கண்ணால் பார்த்தால் ஏமாறுவோம். காது ஏமாற்றாது என்று மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

அப்படிக் கேட்டபோதுதான் அதைக் கண்டுபிடித்தேன். பந்தி முழக்கம் ஊருக்கு ஊர் மாறுகிறது. 'காற்றே கிடையாது' என்ற வசனத்துக்குக் கத்துவது மாறுகிறது. அட்சதைகூட மாறுகிறது, கோவில்பட்டியில் பொரிகடலை. ஆனால் அகண்டபூபதி வாயைத் திறந்ததும், மூன்று ஊரிலும், அந்தக் கூச்சல் அத்தனையும் அடங்கிவிடுகிறது. ஒரு சீட்டி இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. கூட்டம் முழுவதிலிருந்தும் அடித்தொண்டையில் ஏறி இறங்கும் ஓர் ஓசை மட்டும் எழுகிறது. ஒரே சீராக, மூச்சோடு மூச்சாக. அரசன் தலை சாய்ந்ததும், இடையில் கேட்கும் கைப்பேசி மணியையும் ஓரிரு உளறலையும் ஒதுக்கிவிட்டால், எல்லாரும் ஒரே குரலில் கேட்கிறார்கள், "முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டா?" எழுத்து மாறாமல் மூன்று ஊரிலும்.

ஒரு குலம் முடிந்துவிட்டதா என்று ஒரு கூட்டம் கேட்கிறது! ஒப்பாரியில் இறந்தவரை நோக்கிக் கேட்கும் கேள்விகளோடு ஒப்பிட்டு நீண்ட கட்டுரை எழுதினேன். மோசமான படத்துக்குள்ளே ஒரு துளி உண்மை இருந்தால், எவ்வளவு கீழான கூட்டமும் அதன் முன் அடங்கும் என்று நிறுவினேன். விருதுநகரில் ஒரு கருத்தரங்கில் படித்தேன். அந்த ஓசையையும் ஒலிக்கவிட்டேன். அரங்கில் ஒருவரும் அசையவில்லை. தலைமை தாங்கியவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. நானும் சற்று நெகிழ்ந்துவிட்டேன்.

சங்கரன்கோவில் வந்துவிட்டது. தேநீர் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். இவளுக்கு வேண்டாம், விழிக்கமாட்டாள்.

கருத்தரங்கு முடிந்ததும் செண்பகவல்லி என்னைத் தனியே அழைத்தார். என்னிடம் ஆய்வு செய்து இப்போது தானே பேராசிரியையாக இருப்பவர். மரியாதை தெரிந்தவர். தூணோரம் நின்று, எங்கோ பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, அந்தச் சத்தம் எடுத்தப்போ நீங்க திரும்பிப் பாத்தீங்களா?"

"முறை தெரிந்த நீங்களா இதைக் கேட்கிறீர்கள்?"

"இல்ல ஐயா... அது குறட்டை ஐயா."

அந்த அம்மாளுக்குக் காது கூர்மை போதாது என்று முன்பே ஒருமுறை எனக்குத் தோன்றியிருக்கிறது. இருந்தாலும் ஒரு கருதுகோளைச் சோதிக்காமல் தள்ளக் கூடாது. அடுத்த தென்காசிக் காட்சிக்குப் போனேன். முதல் முறையாகப் பின்னால், பால்கனியில் உட்கார்ந்தேன்.

என்ன சொல்வது, ஐயா! அகண்டபூபதி சிங்காதனத்தில் நிமிர்ந்தான். கீழே ஒருவன், "ராஜா ஆரம்பிச்சிட்டாருடே, படுங்க" என்றான். கொட்டகை முழுவதும் பைகளைத் திறந்தது. தலையணைகள். கழுத்தில் மாட்டுகிற காற்றுத் தலையணைகள். போர்வைகள். நடைபாதையில் ஒரு குடும்பம் பாயையே விரித்தது. ஒருவன் கொசுவர்த்தி கொளுத்தினான். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, ஒரே தாளத்தில் குறட்டை விட்டார்கள். திரையில் நான் என் பாட்டனாரின் பாட்டனார் வியாழனை வென்றதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை. நான் செத்தேன். அத்தனை கைப்பேசியிலும் அலாரம் அடித்தது. "எந்திங்கடே, விடிஞ்சிட்டு! தாத்தா போயாச்சு!" என்று ஒரு குரல். எல்லாரும் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருசேரக் கேட்டார்கள், "முடிஞ்சிட்டா?"

சிரிக்கலாம், ஐயா. அடக்க வேண்டாம். நீங்கள் கைக்குட்டையைத் தேடுவது தெரிகிறது. விருதுநகர்த் தலைவரும் இப்படித்தான் தேடினார்.

வேறொருவனாக இருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பான். நான் அப்படி விடுகிறவன் அல்லன். மூன்று ஊரிலும் மாறாமல் நிற்கிறது என்றால் அதற்கு மூலம் ஒன்று இருக்க வேண்டும். யாரோ ஒரு கயவன் முதன்முதலில் இதைச் செய்திருக்க வேண்டும். அவன் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்று கிளம்பினேன். நாகர்கோவில்காரர்கள் கோவில்பட்டியில் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். கோவில்பட்டிப் பையன்கள் தென்காசியைக் காட்டினார்கள். தென்காசியில் விசாரித்ததில், படம் முதலில் வந்த காலத்திலிருந்து அங்கே டிக்கெட் கிழிக்கும் முப்பிடாதியிடம் போய் நின்றேன். தாடி இல்லாததால் என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அதுவா சார்? அது மொதல் ரிலீசுல உள்ளதுலா! தியேட்டர்ல ஆளே கெடையாது. அந்தக் கெழவன் பேச ஆரம்பிச்சாம் பாருங்க, பால்கனியில இருந்து ஒரு கொறட்ட. என்னடா இது மோட்டாரு ஓடுதுன்னு டார்ச்ச அடிச்சா, பொம்பள ஆளு! அசந்து உறங்குதாவ. கெழவன் செத்தானோ இல்லையோ, சொல்லி வச்ச மாரி முழிச்சு, பக்கத்துல பாத்து 'முடிஞ்சிட்டா?'ன்னு கேட்டாவ பாருங்க! இருந்த அஞ்சாறு பேரும் உருண்டு உருண்டு சிரிச்சானுவ. மறுநாளு அதப் பாக்கதுக்குன்னே நாலு பயலுவ வந்தானுவ. அவ்வோ வரல. இவனுவளே கொறட்ட விட்டுப் பாத்தானுவ. அப்படியே நின்னு போச்சு."

"யார் அந்த அம்மாள்?"

"டைரக்டருக்கு அக்காதாம்லா. யாரோ வாத்தியார் வீட்டம்மான்னு சொன்னாவ. பாவம், அந்த வாத்தியாரு என்ன பேச்சு பேசுவாரோ!"

இதோ இவள்தான், ஐயா. இந்த ஜன்னலோரத்தில் வாயைச் சற்றே திறந்துகொண்டு உறங்குகிறவள்தான் மூலம். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற இந்த ஓசைதான் ஆதிவடிவம். அன்று நானும் அதே கொட்டகையில் முதல் வரிசையில் இருந்தேன். பின்னால் சிரித்தது காதில் விழுந்தது. திரையில் அரசனின் பிணத்துக்குப் பின்னால் ஓர் ஆடு போயிற்று. ஆட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று லிங்கத்தைத் திட்டினேன்.

வீட்டுக்குப் போய் நேரடியாகக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆவுடை, அகண்டபூபதி பேசும்போது நீ உறங்கினாயா?"

"ஆமா" என்றாள். மறைக்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"என் உரை அவ்வளவு சலிப்பாகவா இருந்தது?"

"சலிப்புன்னு யாரு சொன்னா? எனக்கு உங்க சத்தம் கேட்டா உறக்கம் வந்திரும். இன்னைக்கு நேத்தா? கல்யாணம் ஆன வருசம் எங்க அம்மா போனாள்லா, அப்பம் எனக்கு உறக்கமே கெடையாது. ராத்திரியெல்லாம் மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடப்பேன். மருந்து கொடுத்தாவ, மந்திரிச்சாவ, ஒண்ணும் கேக்கல. நீங்க ஒருநா பக்கத்துல உக்காந்து, ஏதோ கதப்பாட்டு எத்தன மாரி இருக்குன்னு ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டே இருந்திய. அப்பம் உறங்கினேன். எங்க அம்மா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் உறங்கினேன்."

"நான் அதை உனக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்."

"விளக்குங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?"

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, ஐயா. ஒரு கதைப்பாடலின் மூன்று வடிவங்களை ஒப்பிட்டுச் சொன்னேன். இரண்டாம் வடிவத்தின் நடுவில் இவள் உறங்கிவிட்டாள். மூன்றாம் வடிவத்தில்தான் முக்கியமான வேறுபாடே இருக்கிறது! எத்தனையோ முறை மறுபடி தொடங்கியிருக்கிறேன். இன்றுவரை அந்த மூன்றாம் வடிவத்தை இவள் கேட்டதில்லை.

நான் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். இவள் உறங்கியது உண்மை உறக்கம். நடிப்பு இல்லை, கேலி இல்லை. பின்னால் வந்த கூட்டம் செய்வது போலி. கொசுவர்த்தி இடைச்செருகல், அலாரம் இடைச்செருகல், அந்தத் தாத்தா என்ற சொல்லும் இடைச்செருகல். மூலத்தில் இருந்தது ஒரு பெண்ணின் உறக்கமும் ஒரு கேள்வியும் மட்டுமே. அதை எடுத்துக்கொண்டு எவ்வளவு ஆபாசமாக்கிவிட்டார்கள் பாருங்கள்! இந்த அற்பர்கள் வாய் பிளந்து கிடப்பதற்கு என் அகவல் ஒரு சாக்கா? அதனால்தான் சொல்கிறேன், வெட்டிவிடட்டும். காட்சி போனால் குறட்டையும் போகும். கைப்பேசியில் பார்க்கிற உங்களைப் போன்ற ஆயிரம் பேரிடம் என் பாட்டனாரின் பாட்டனார் வியாழனை வென்ற கதையை ஒப்படைக்க எனக்கு விருப்பம் இல்லை. உங்களைத் தனியாகச் சொல்லவில்லை. நீங்கள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அதற்கு நன்றி.

சிவகாசி தாண்டியாயிற்றா? பொறுங்கள், லிங்கம்தான் அழைக்கிறான்.

சொல்லு மாப்பிள்ளை. ரயிலில்தான் இருக்கிறோம். சொல்லு, நான் பேசவில்லை, நீயே சொல்லி முடி, கேட்டுக்கொள்கிறேன்.

...

என்ன, ஆவுடை? இல்லை, மதுரை இல்லை. ஏன் விழித்துக்கொண்டாய்?

என்ன கேட்டாய்?

பார்த்தீர்களா, ஐயா? நான் வாயை மூடி ஒரு நிமிடம் ஆகவில்லை. கண்ணைத் திறந்து கேட்கிறாள், "முடிஞ்சிட்டா?" என்று. நீங்களும் கேட்டீர்கள் அல்லவா? இதைத்தான் நான் கட்டுரையில்... சரி, இருக்கட்டும்.

இல்லை ஆவுடை, முடியவில்லை. இன்னும் இருக்கிறது. நீ உறங்கு.

லிங்கம், இருக்கிறாயா? வெட்டக் கூடாது. ஆமாம், வெட்டக் கூடாது. ஒரு சொல்கூட வெட்டக் கூடாது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறார்கள், அவர்கள் முகத்தை யார் பார்த்தார்கள்? இன்னொன்று கேள். நீ என்னைக் கேட்காமல் முதல் ஏழு தலைமுறையைத் தூக்கி எறிந்தாயே, அந்தப் பகுதி உன்னிடம் இருக்கிறதா? இருக்கிறதல்லவா? அதையும் சேர். ஏனென்று கேட்கிறாயா? உன் அக்காள் சரியாகக் கண் அயர்வதற்குள் அரசன் செத்துவிடுகிறான், அதனால்தான். நிறுவனம் நீளம் என்று சொன்னால் அந்தப் பேச்சிமுத்து பறக்கிற இடத்தை வெட்டு. அவன் பறப்பதை யாரும் நம்பவில்லை. என்ன? சிக்னல் இல்லையா? எனக்குத் தெளிவாகக் கேட்கிறதே. லிங்கம்? லிங்கம்!

வைத்துவிட்டான்.

இவள் இன்னும் முழுதாக உறங்கவில்லை, ஐயா. இமை அசைகிறது பாருங்கள். நான் நிறுத்தினால் மறுபடி விழித்துக்கொள்வாள். மதுரை வர இன்னும் நேரம் இருக்கிறது. அந்தக் கைப்பேசியைச் சற்று உள்ளே வையுங்கள். அந்தக் கதைப்பாடலின் மூன்று வடிவங்களும் வள்ளியூர் வட்டாரத்தவைதான். முதல் வடிவத்தில் தங்கை ஆற்றைக் கடக்கும்போது மழை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மூன்றாம் வடிவத்தில் தேவைப்படும்.